கழித்தல் குறி

புயலுக்கு முன் கூரை எப்படி இருந்தது,
அதற்கு ஒரு படம் வேண்டும், தேதி தெரிகிற மாதிரி,
வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் என்றார்
காப்பீட்டு அலுவலகத்து மதாம் ஒவாரோ.

இன்று புதன்.
சேந்தாந்த்ரேயில் பாதித் தெருவுக்கு இன்னும் மின்சாரம் இல்லை,
எங்கள் பாதிக்கு உண்டு.
படுக்கையறைக்கு மேலே நகராட்சி தந்த நீலப் படுதா
படபடவென்று அடித்துக்கொள்கிறது.
அன்று இரவு கணினியையும் அரிசி மூட்டையையும்
சாப்பாட்டு மேசைக்கடியில் தள்ளி
ஒரே போர்வையால் மூடினேன்.
அரிசி நனைந்துவிட்டது. இது பிழைத்தது.

பிரெஞ்சில் 'வீடு' என்று தட்டினேன்.
பதினோராயிரத்துச் சொச்சம்.
எலோடியின் வீட்டுப்பாடம், வீட்டு வரி,
வீட்டிலேயே போட்ட மாங்காய் ஊறுகாய்க்குச் செய்முறை,
விலைக்கு வந்த யாருடைய வீடோ.
பச்சைப் பட்டை ஊர்ந்தது,
கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார் போல.

வகை: படம்.
இரண்டாயிரத்து நானூறு.
தேதி: புயலுக்கு முன்.
ஒன்பதுதான் குறைந்தது.
அதன் பிறகு நான் எடுத்ததே ஒன்பது,
ஒன்பதும் சேதம்.

இந்தத் தீவில் கூரைத் தகரத்துக்குத் 'தோல்' என்று பெயர்.
காரைக்காலிலிருந்து வந்திறங்கிய புதிதில்
"தோல் மாற்றணும்" என்று இவோன் சொன்னபோது
"யாருக்கு?" என்று பதறினேன்.
நாலு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சொல்லில் ஓர் எழுத்துக்குத் தலையில் தொப்பி.
தொப்பியோடு தேடினால் ஆறு படம்,
ஆறும் கடைக்காரன் அனுப்பிய விலைப்பட்டியல்.
தொப்பி இல்லாமல் முந்நூற்று நாற்பது.
அவசரத்தில் யார் தொப்பி போடுகிறார்கள்?

முந்நூற்று நாற்பதும் ஊரார் கூரைகள்.
இவோனின் தொழில் அது.
சிவப்புக் கூரை, பச்சைக் கூரை, கோழிக்கூட்டுக் கூரை,
பள்ளிக்கூடத்துக் கூரை நாலு கோணத்தில்.
சலாஸிக்கு, அவளிடம், போனபோது
ஏணியை எடுத்துப் போனான்,
இவற்றை விட்டுப் போனான்.

அவன் பெயரைத் தட்டி
முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன்.
குறிக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது,
விட்டால் ஆள் திரும்பி வந்துவிடுவான்.
முதல் தடவை விட்டுவிட்டேன்.
வந்தான்.

ஒட்டிப் போட்டேன்.
பதினேழு.
மழைநீர்த் தொட்டி. பக்கத்து வீட்டுச் சேவல்.
கல்யாணப் பந்தல், யாருடையதோ.
தகர டப்பாவில் நட்ட கறிவேப்பிலை, மூன்று முறை.
என் கூரை இல்லை.
சொந்தக் கூரையை யார் படமெடுத்து வைக்கிறார்கள்?
அடியில் நிற்பவர்களைத்தான் எடுக்கிறோம்.

தேநீர் போட எழுந்து போனேன்.
சர்க்கரையில் எறும்பு. புயலில் தப்பிய எறும்பு.
ஊதிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
குறியை அழித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது.
கோப்புக்கு நானே வைத்த பெயர்:
நம்ம-தோல்-இவோன்.
சட்டையில்லாமல் உச்சியில் நிற்கிறான்,
உதட்டிடுக்கில் நாலு திருகாணி.
காலடியில் புத்தம்புதுத் தகரம்
வெயிலைத் திருப்பி அடிக்கிறது.
கீழ்ச் சுவரில் என் நிழல்,
ஏணியைப் பிடிக்காமல் கேமராவைப் பிடித்தபடி.
நவம்பர் பதினான்கு, ஈராண்டுக்கு முன்.

அவனை வெட்டிப் பார்த்தேன்.
நட்டநடுவில் நிற்கிறான்.
இடப்பக்கம் விட்டால் சமையலறை மட்டும்,
வலப்பக்கம் விட்டால் படுக்கையறை மட்டும்.
முழுக் கூரைக்கு முழு ஆளும் வேண்டியிருந்தது.
அப்படியே அனுப்பினேன்.

பத்தே நிமிடத்தில் மதாம் ஒவாரோ அழைத்தார்:
"மேலே நிற்கும் ஆள் யார்?"
"அளவு தெரியட்டும் என்று" என்றேன்.
"உயரம்?"
"ஒரு மீட்டர் எழுபத்திரண்டு."
குறித்துக்கொண்டார்.